பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு ஓர் அண்ணன், ஓர் அக்கா
(வட்டவளையில் நடந்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியது)



நம் பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் லயமே சந்தோஷப்படுகிறது. ஆனால் இங்கே ரயிலேறி, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிப் பேராதனையில் இறங்கும் அந்தப் பிள்ளைக்கு அங்கே யாரைத் தெரியும்?

பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் அதில் ஒன்று. இந்த ஏற்பாடு வாசல் வரை கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு கைபிடிக்க ஆள் வேண்டும்.

மருத்துவமும் பொறியியலும் ஆங்கிலத்தில். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைக்கு முதல் மாதம் விரிவுரை விளங்காது. மஹாபொல பணம் பிந்தினால் வீட்டில் கேட்கவும் மனம் வராது. அம்மா அரைப்பேரோடு திரும்பும் நாட்களும் அதற்குத் தெரியும். பெட்டியைக் கட்டத் தோன்றும் அந்த நேரத்தில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது, வா, சேர்ந்து படிப்போம்" என்று ஓர் அக்கா சொன்னால் பிள்ளை நின்றுவிடும்.

விரிவுரையாளரைத் துரை மாதிரி நினைத்து ஒதுங்கும் பிள்ளைகளும் உண்டு. சந்தேகம் கேட்பது பிச்சை கேட்பதல்ல. மாணவ ஆலோசகர்கள் இருப்பதே அதற்குத்தான்.

வழிகாட்டுகிறேன் என்று மிரட்டுகிறவன் அண்ணன் அல்ல. பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். பிள்ளை சொன்னால் நம்புங்கள்; சங்கத்திடம் சொல்லுங்கள்.

ஹட்டன் ஹைலண்ட்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம் அவர்களைப் பெரியவர்கள் இன்றும் நினைப்பது பாடத்துக்காக மட்டுமல்ல. மலையக இளைஞர்களுக்கு வழிகாட்டியாக நின்றதற்காகவும்தான். அந்த வேலையை இனி ஒருவர் தலையில் மட்டும் வைக்காமல் நாம் எல்லோரும் பகிர்ந்து செய்வோம்.

நான் கேட்பது மூன்று. ஒன்று: பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்கள், படித்து முடித்தவர்கள் பெயர்களை ஒவ்வொரு டிவிஷன் தலைவரும் எழுதித் தரவேண்டும். இரண்டு: புதிதாகப் போகும் பிள்ளையை, பதிவுக்கு முன்பே, முடிந்தால் அதே பீடத்து மூத்த மாணவர் ஒருவரோடு சேர்த்துவிட வேண்டும். பெண் பிள்ளைக்கு ஓர் அக்கா. மூன்று: பெற்றோர் போனில் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். "யாரோடு சாப்பிடுகிறாய்? விளங்காததை யாரிடம் கேட்கிறாய்?" என்றும் கேளுங்கள்.

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. சந்தா கட்டி ஒருவருக்கொருவர் துணை நின்றே பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளோடு பல்கலைக்கழகத்துக்கும் போகட்டும்.