தூரம் போகும் தட்டா, நேராகப் போகும் தட்டா?



சென்ற ஆண்டு நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

குளுவாங் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே குலை வெட்டும் நண்பர் ஒருவர் என்னிடம் வந்தார். "சார், பையன் ஒரு தட்டு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் அதை வீசி விளையாடுகிறானாம். எந்தத் தட்டை வாங்கிக் கொடுக்கலாம்?" என்று கேட்டார். நான் அதிகம் யோசிக்கவில்லை. "எது அதிக தூரம் போகுமோ அதை வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அவரும் பட்டணத்துக்குப் போய், இருப்பதிலேயே வேகமான தட்டை வாங்கி வந்தார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். தட்டு வீட்டுக் கூரை இடுக்கில் செருகிக் கிடந்தது. பையன் முகம் வாடியிருந்தது. "எத்தனை பலமாக வீசினாலும் இடப்பக்கம் திரும்பி ஓடைக்குள் விழுகிறது சார். தோள்தான் வலிக்கிறது. எனக்கு இந்த விளையாட்டு வராது" என்றான். குற்றம் பையனிடம் இல்லை. யோசனை சொன்ன என்னிடம்தான் இருந்தது. அதே தவறு உங்கள் வீட்டிலும் நேரக்கூடாது என்பதற்காகவே இந்தப் பேச்சு.

முதலில் விளையாட்டு என்ன என்று பார்ப்போம். இதன் பெயர் தட்டுக் கோல்ப். துரைமார்கள் ஆடும் கோல்ப் ஆட்டம் உங்களுக்குத் தெரியும். கோலால் பந்தை அடித்து, தொலைவில் உள்ள குழியில் போட வேண்டும். தட்டுக் கோல்பில் கோலும் இல்லை, பந்தும் இல்லை, குழியும் இல்லை. பிளாஸ்டிக் தட்டு ஒன்றைக் கையால் வீச வேண்டும். வீசத் தொடங்கும் இடத்துக்கு 'டீ' என்று பெயர். நாம் எறிமேடை என்று சொல்லலாம். போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் சங்கிலிகள் தொங்கும். கீழே ஒரு கூடை இருக்கும். தட்டு சங்கிலியில் பட்டுக் கூடையில் விழ வேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. குறைந்த வீச்சுகளில் கூடையை அடைந்தவரே வென்றவர்.

இந்த ஆட்டம் அமெரிக்காவில் வளர்ந்தது. 1957ஆம் ஆண்டு அங்கே ஒரு பொம்மைக் கம்பெனி பிளாஸ்டிக் பறக்கும் தட்டை விற்கத் தொடங்கியது. பிறகு அதற்குப் 'பிரிஸ்பி' என்று பெயர் வைத்தார்கள். அதே கம்பெனியில் வேலை பார்த்தவர் எட் ஹெட்ரிக். 1975ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தில், ஓக் குரோவ் என்ற பூங்காவில் இந்த ஆட்டத்துக்கென்றே நிரந்தரத் திடல் அமைத்தவர் அவர்தான். சங்கிலிக் கூடையை அமைத்தவரும் அவரே. 1976ஆம் ஆண்டு ஆட்டக்காரர்களுக்கு ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். கூடை வருவதற்கு முன்னால் மரத்தையும் விளக்குக் கம்பத்தையும் குப்பைத் தொட்டியையும் குறியாக வைத்தே ஆடினார்கள். ஆகவே, நம் தோட்டத்துத் திடலில் கூடை இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். பழைய வாளி ஒன்றும், நாலு மரங்களும் போதும்.

அந்தக் காலத்தில் தட்டுகளில் இன்றுபோல் இத்தனை வகைகள் இல்லை. எதை வாங்குவது என்ற குழப்பமும் குறைவு. 1983ஆம் ஆண்டு டேவ் டுனிபேஸ் என்பவர் தட்டின் விளிம்பைச் சரிவாகச் சீவிய வடிவத்தில் அமைத்தார். காற்றைக் கிழித்துக்கொண்டு வெகுதூரம் போயிற்று. அதன் பிறகு தட்டுகள் பல வகையாகப் பிரிந்தன. தூரம் வீசுவதற்கு 'டிரைவர்', நடுத்தர தூரத்துக்கு ஒரு வகை, கூடைக்கு அருகில் நின்று போடுவதற்குப் 'பட்டர்'. ரொட்டியில் தடவும் பட்டர் அல்ல, நேயர்களே! கோல்ப் ஆட்டத்தில் பந்தைக் குழிக்குள் மெல்லத் தள்ளும் கோலுக்கும் இதே பெயர்தான்.

பெயர்களைக் கேட்டவுடன் நமக்கு என்ன தோன்றுகிறது? எறிமேடையில் நின்று வீச டிரைவர், கூடைக்குப் பக்கத்தில் பட்டர், அவ்வளவுதானே என்று தோன்றுகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் புதிதாக ஆடும் பிள்ளைக்கு எறிமேடையிலிருந்தே பட்டரை வீசக் கற்றுக் கொடுப்பதுதான் நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

குலை வெட்டுகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குட்டை மரத்துக் குலையை உளியால் வெட்டுகிறோம். மரம் உயர்ந்த பிறகு நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை எடுக்கிறோம். நேற்று வேலைக்கு வந்தவன் கையில் அந்த நீண்ட கம்பைக் கொடுத்தால் என்ன ஆகும்? அரிவாள் குலையில் படாது, மட்டையில் மாட்டும், அவன் தோளும் கழுத்தும் இற்றுப்போகும். ஆயுதம் கெட்டதல்ல. அதைத் தாங்கும் பழக்கம் இன்னும் அவனுக்கு வரவில்லை. டிரைவர் தட்டும் அப்படித்தான்.

பம்பரத்தை நினைத்துப் பாருங்கள். வேகமாகச் சுழலும்போது நிமிர்ந்து நிற்கிறது. சுழற்சி குறைந்ததும் தலை சாய்கிறது. பறக்கும் தட்டும் சுழற்சியின் பலத்தால்தான் சாயாமல் போகிறது. டிரைவர் தட்டின் விளிம்பு அகலமாகவும் கூர்மையாகவும் இருக்கும். மிகுந்த வேகத்தோடு வீசினால் மட்டுமே அது நேராகப் பாயும். அந்த வேகம் கிடைக்காவிட்டால், பாதி வழியிலேயே ஒருபுறம் சாய்ந்து இறங்கிவிடும். வலக்கையால் பின்கை வீச்சு வீசுகிறவருக்கு இடப்பக்கம் சாயும். இடக்கைக்காரருக்கு வலப்பக்கம் சாயும். நண்பர் மகனின் தட்டு ஓடையில் விழுந்ததற்குக் காரணம் இதுதான். அவனோ பலம் போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் தோளை வருத்தினான்.

பட்டரின் விளிம்பு குறுகலாகவும் மழுங்கலாகவும் இருக்கும். மெதுவாக வீசினாலும் நேராக மிதந்து போகும். புதியவர் வீச்சில் 40, 50 மீட்டர் போனாலே போதும். ஒரு சிறு திடலுக்கு அது தாராளம். இன்னொரு நன்மையும் உண்டு. டிரைவர் எப்படி வீசினாலும் ஒரே பக்கம் விழும். தவறு எங்கே என்று தெரியாது. பட்டரோ கையின் தவற்றை உடனே காட்டிக் கொடுக்கும். முன்விளிம்பு மேலே தூக்கியிருந்தால் தட்டு எழும்பி நின்றுவிடும். மணிக்கட்டு கோணினால் தட்டும் கோணும். இப்படிக் குறையைக் காட்டித் திருத்தும் நல்ல வாத்தியார் அது. தேர்ந்த ஆட்டக்காரர்கள்கூட, தூரம் குறைவாகவும் வழி குறுகலாகவும் இருந்தால், எறிமேடையில் நின்று பட்டரையே வீசுகிறார்கள்.

சரி, எறிமேடைக்கு ஏற்ற பட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஐந்து செய்திகளை நினைவில் வையுங்கள்.

முதலாவது, தட்டின் மேல் எழுதியிருக்கும் எண்கள். பல தட்டுகளில் நான்கு எண்கள் இருக்கும். முதல் எண் வேகம். இது தட்டு தானாக எத்தனை வேகம் போகும் என்பதைச் சொல்வதல்ல. நீங்கள் எத்தனை வேகமாக வீச வேண்டும் என்பதைச் சொல்வது. பட்டருக்கு இது 2 அல்லது 3 இருக்கும். டிரைவருக்கு 12, 13 என்றுகூட இருக்கும். இரண்டாம் எண் மிதக்கும் தன்மை. மூன்றாவது எண், வீசிய வேகத்தில் தட்டு வலப்பக்கம் திரும்புவதைக் காட்டும். நான்காவது எண், வேகம் தணிந்தபின் இடப்பக்கம் சாய்வதைக் காட்டும். இந்தத் திசைகள் வலக்கைக்காரரின் பின்கை வீச்சுக்கு உரியவை. பிள்ளைகளுக்கு மூன்றாவது எண் 0 அல்லது கழித்தல் 1, நான்காவது எண் 0 அல்லது 1 உள்ள தட்டு ஏற்றது. பலமாக வீசக்கூடிய பெரியவர்களுக்கும், காற்று அடிக்கும் திடலுக்கும் நான்காவது எண் 2 உள்ளது நல்லது.

இரண்டாவது, எடை. சங்கத்தின் விதிப்படி, தட்டின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கு 8.3 கிராமுக்கு மேல் எடை இருக்கக்கூடாது. பட்டரின் குறுக்களவு ஏறக்குறைய 21 சென்டிமீட்டர். ஆகவே 175 கிராம் அளவில்தான் கனமான பட்டர்கள் கிடைக்கும். எடையைப் பெரும்பாலும் அடிப்புறத்தில் குறித்திருப்பார்கள். பெரியவர்களுக்கு 170 கிராமுக்கு மேற்பட்டது காற்றைத் தாங்கும். சிறு பிள்ளைகளுக்கு 150 கிராம் அளவில் உள்ளது கைக்கு இதமாக இருக்கும்.

மூன்றாவது, பிளாஸ்டிக். கூடையில் போடுவதற்கு மட்டும் என்றால் மலிவான, சொரசொரப்பான பிளாஸ்டிக் போதும். கையில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எறிமேடையிலிருந்து வீசும் தட்டு மரத்தில் மோதும். நம் திடலைச் சுற்றி ரப்பர் மரமோ செம்பனையோ இருக்கத்தான் செய்யும். மலிவான தட்டின் விளிம்பு விரைவில் நைந்துவிடும். நைந்த தட்டு பழைய வழியில் பறக்காமல் வலப்பக்கம் புரளத் தொடங்கும். ஆகவே வீசும் தட்டு உறுதியான பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். வசதியுள்ளவர்கள் வீசுவதற்கு ஒன்றும் கூடைக்கு ஒன்றுமாக இரண்டு வாங்கலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உறுதியானதையே வாங்குங்கள். வளவளவென்று மிக மெத்தென்று இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள்; நம் வெயிலில் அது இன்னும் இளகும்.

நான்காவது, பிள்ளையின் கை. கடைக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். கட்டைவிரலை மேலே வைத்து, மற்ற நான்கு விரல்களையும் விளிம்பின் உட்புறத்தில் மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். விரல் நுனிகள் சிரமமின்றி உட்சுவரில் பதிய வேண்டும். சில பட்டர்களின் விளிம்புக்கு அடியில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். சிலருக்கு அது பிடிக்கும், சிலருக்கு உறுத்தும். சிறிய கைக்கு ஆழம் குறைந்த, வரம்பில்லாத விளிம்பு நல்லது. பிறகு தட்டை மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஆடாமல் படிய வேண்டும்.

ஐந்தாவது, நிறம். பச்சை வேண்டவே வேண்டாம். லாலாங் புல்லில் விழுந்தால் தேடிக் கண் பூத்துவிடும். ஆரஞ்சு, ரோஜா நிறங்கள் தொலைவிலிருந்தே தெரியும். அடிப்புறத்தில் பிள்ளையின் பெயரை எழுதி வையுங்கள்.

வாங்கிய பிறகு என்ன செய்வது? முதல் வாரம் தூரத்தை மறந்துவிடுங்கள். வாளியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நின்று போடட்டும். பிறகு பத்து மீட்டர். அதன் பிறகு எறிமேடை. தட்டை மார்பளவில் படுக்கையாகப் பிடித்து, முழங்கையை முன்னே கொண்டுவந்து, கடைசியில் மணிக்கட்டைச் சுண்டி விட வேண்டும். தோள் வலித்தால் அன்று நிறுத்திவிட வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை ஜொகூரில் மழை அதிகம். ஈரக் கையில் தட்டு வழுக்கும். இடுப்பில் ஒரு துண்டைச் செருகி, ஒவ்வொரு வீச்சுக்கும் முன் துடைக்கப் பழக்குங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் தட்டைப் போட்டு வைக்காதீர்கள், கோணிப்போகும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய எச்சரிக்கைகளும் உண்டு. தட்டு முகத்தில் பட்டால் பலத்த காயம் ஏற்படும். முன்னால் ஆள் நடமாட்டம் இருக்கும்போது வீசக்கூடாது. வேலை நடக்கும் நிரைகளிலும், மோட்டார் சைக்கிள் போகும் சாலைப் பக்கமும் ஆடக்கூடாது. திடலைப் பயன்படுத்தத் தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். மிக முக்கியமானது, புதருக்குள் விழுந்த தட்டை வெறுங்கையால் துழாவக் கூடாது. எலி உள்ள இடத்துக்கு நாகம் வரும் என்பது செம்பனையில் வேலை செய்யும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட குச்சியால் புல்லை விலக்கிப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும்.

இனி, நண்பர் வீட்டுக் கதையை முடிக்கிறேன். என் தவற்றுக்குப் பரிகாரமாக நானே ஒரு பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு போனேன். பையன் தொட மறுத்தான். அவன் தங்கை, பத்து வயதுப் பெண், வாங்கி வீசினாள். தட்டு நேராகப் போய், திடல் நடுவில் மெல்ல இறங்கியது. அதைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து வந்தான். அன்று பொழுது சாயும்வரை இருவரும் மாறி மாறி வீசினார்கள். சற்று நேரத்தில் அவர்களுடைய அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார்.

பல தோட்டங்கள் இன்று கூறு போடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பழைய திடல்கள் குறைந்து வருகின்றன. இருக்கிற சிறிய இடத்தில் அண்ணனும் தங்கையும் அம்மாவும் சேர்ந்து ஆட ஒரே ஒரு தட்டு போதும் என்றால், அது வீண் செலவாகாது. ஆனால் உங்கள் உழைப்புப் பணத்தைக் கொடுக்கும்போது, எது தூரம் போகும் என்று கேட்காதீர்கள். என் பிள்ளையின் கைக்கு எது நேராகப் போகும் என்று கேளுங்கள். நேராக வீசப் பழகிய கைக்குத் தூரம் பின்னால் தானே வரும்.