ஒரு பெட்டிக்கு ஒரு விலை

தில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் வாழும் நம்மவருள் சிலர் வீட்டிலே முறுக்குச் சுட்டு, இணையத்தின் வாயிலாக விற்று வருகின்றனர். நவராத்திரி வந்துவிட்டால் முறுக்குடன் குங்குமம், கண்ணாடி வளையல், ஒரு சென்ட் குப்பி ஆகியவற்றையும் சேர்த்து, தாம்பூலப் பெட்டி என்று ஒரே விலைக்கு விற்கிறோம். அப்பெட்டிக்கு வரி எவ்வளவு என்பதை இன்று ஆராய்வோம்.

பழைய விற்பனை வரியின் இடத்தில், பெரும்பாலான பண்டங்களுக்கு, 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் உள்ளது. பல பொருள்கள் சேர்ந்து விற்கப்படுவதை இச்சட்டம் இருவகையாகப் பிரிக்கிறது. இயல்பாகவே ஒன்றோடொன்று இணைந்து வருவது கூட்டு வழங்கல். முறுக்கை டப்பாவில் அடைத்து அஞ்சலில் அனுப்பினால், முறுக்கே தலைமைப் பொருள். டப்பாவுக்கும் அனுப்பும் கூலிக்கும் முறுக்கின் வரியே பொருந்தும். தனித்தனியே விற்கத்தக்க பொருள்களை ஒரே விலைக்குச் சேர்த்துக் கொடுப்பது கலப்பு வழங்கல். இதில், உள்ளிருக்கும் பொருள்களுள் எதற்கு மிகுந்த வரியோ, அதுவே முழு விலைக்கும் உரியது. நமது தாம்பூலப் பெட்டி இவ்வகையைச் சேர்ந்தது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2025 செப்டம்பர் 22 முதல் முறுக்குக்கு வரி 5 சதவீதம். சென்ட்டுக்கு 18 சதவீதம். குங்குமத்துக்கும் கண்ணாடி வளையலுக்கும் வரி இல்லை. வரி நீங்கலாக, முறுக்கு 300 ரூபாய், குங்குமமும் வளையலும் 100 ரூபாய், சென்ட் 100 ரூபாய் என்று கொள்வோம். தனித்தனியே விற்றால் வரி 15 ரூபாயும் 18 ரூபாயும் சேர்ந்து 33 ரூபாய். ஒரே விலையாக 500 ரூபாய்க்கு விற்றாலோ வரி 90 ரூபாய். ஒரு சிறு குப்பியினால் 57 ரூபாய் மிகுகிறது.

இதை அறியாமல் 33 ரூபாயே வசூலித்து 200 பெட்டிகளை விற்றுவிட்டால், 11,400 ரூபாயைப் பின்னர் நம் கைப்பொருளிலிருந்து செலுத்த நேரும்; ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் அதனோடு சேரும். சிறு வியாபாரத்தின் ஒரு பருவத்து ஆதாயமே இதில் கரைந்துவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரம் யாது? ஒவ்வொரு பொருளுக்கும் தனி விலை குறித்து, வாங்குவோர் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள வசதி செய்து, விலைச்சீட்டிலும் தனித்தனியே எழுதலாம். ஆனால் பெட்டியை ஒரே விலைக்கு விற்றுவிட்டு, சீட்டில் மட்டும் பிரித்து எழுதுதல் நேர்மையுமன்று, பாதுகாப்புமன்று. அன்றேல், சென்ட்டை விலக்கி, வரி குறைந்த பொருளொன்றை வைக்கலாம்.

வேறு மாநிலத்திலுள்ள உறவினர்க்கும் நண்பர்க்கும் விற்கும்போது, விற்பனைத் தொகை சிறிதாயினும், பொதுவாகப் பதிவு பெறுவது கட்டாயம் என்பதையும் நினைவிற் கொள்க. ஐயம் எழுந்தால் பெட்டியைக் கட்டுவதற்கு முன்னரே வரி ஆலோசகரைக் கேட்டறிதல் நலம்.