கேட்கத் தெரிந்தவர்களின் கேலி



‘விமானிகளின் கேலியும் வானொலிச் சிரிப்பும்’ என்று இந்த மேடையில் பேச எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், “விருத்தாசலத்தில் ரயில் ஜங்ஷன் இருக்கிறது. ரயிலைப் பற்றிப் பேசு என்றால் நியாயம். விமானத்துக்கும் அந்த ஊருக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்று கேட்டார். சம்பந்தம் இருக்கிறது. இந்தப் பக்கம் நெய்வேலியில் ஒரு ஓடுதளம். ஒரு காலத்தில் வாயுதூத் விமானம் வந்து இறங்கிய இடம். அந்தப் பக்கம் உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமானத்தளம். இரண்டும் இங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான். இரண்டு ஓடுதளங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு விமானத்தைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

முதலில் விமானிகளுக்கு வருகிறேன். பெரிய கம்பெனி விமானத்தை ஓட்டுகிறவர்களைச் சொல்லவில்லை. ஆசைக்காகச் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களைச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் அந்த வம்சத்தின் மூத்தவர் யார் தெரியுமா? சென்னையில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ். 1910இல் சிம்ப்சன் பட்டறையில் ஒரு விமானத்தைக் கட்டி, தானே ஏறிப் பறந்தார். ஹோட்டல்காரருக்கு எதற்கு ஆகாயம் என்று அன்றைக்கு எத்தனை பேர் கேலி செய்திருப்பார்கள்! எங்கே ஒரு விமானி இருக்கிறாரோ, அங்கே அவரைக் கிண்டல் செய்யப் பத்துப் பேர் நிற்பது வழக்கம்.

பிறகு பரங்கிமலை, மீனம்பாக்கம் பக்கம் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப் வந்தது. அங்கே பயிற்சி கொடுத்தவர் கேப்டன் வி. சுந்தரம். அவருடைய மனைவி உஷா சுந்தரம், சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று பேர் வாங்கியவர். 1951இல் மெட்ராஸ் அரசு ‘டவ்’ என்ற விமானத்தை இங்கிலாந்தில் வாங்கியபோது, கணவனும் மனைவியுமாகப் போய் அதை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரம். வேகத்துக்காக அதைச் சாதனை என்கிறார்கள். நான் வேறு காரணத்துக்காகச் சொல்கிறேன். 27 மணி நேரம், புருஷனும் பெண்டாட்டியும், கோபித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகக்கூட வழியில்லாமல்! சாதனைதானே?

ஃபிளையிங் கிளப் வராந்தாக்களுக்கென்று ஒரு பொதுக் குணம் உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் யார் மேலே ஏறினாலும் பார்க்க மாட்டார்கள். யார் இறங்கினாலும் அத்தனை கண்ணும் அங்கேதான். இறங்கும் விமானம் தரையில் பட்டு மூன்று முறை துள்ளினால், “லாக் புக்கில் மூன்று லேண்டிங் என்று எழுதிக்கொள்ளப்பா” என்று ஒரு குரல் வரும். முதல் முறையாகத் தனியே பறந்து திரும்புகிற மாணவன் கீழே கால் வைத்ததும் ஒரு வாளித் தண்ணீர் தலையில் கவிழும். பல நாடுகளில் இது சடங்காகவே நடக்கிறது.

ஏன் இத்தனை கேலி? பயம் இருக்கிற இடத்தில்தான் கேலி செழிக்கும், அன்பர்களே. அவனவன் துள்ளி இறங்கியவன்தான். கேலி செய்கிறவனுக்கு அந்த வயிற்றுக் கலக்கம் தெரியும். ‘உன் பயம் எனக்கும் தெரியும், பரவாயில்லை, வா’ என்பதைச் சிரித்துச் சொல்கிறான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தரையில் இவ்வளவு வாயாடுகிறவர்கள், மேலே போய்விட்டால் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார்கள். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசுகிற அலைவரிசை ஒன்று. அதில் பேச வேண்டியவர்கள் பலர். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டு பேச்சும் கெட்டு, காதைக் குத்துகிற ஒரு கீச்சொலிதான் கேட்கும். அதனால் முதலில் கேட்க வேண்டும், பிறகு பேச வேண்டும். கோபுரம் ஒரு கட்டளை சொன்னால், விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரிதானா என்று கோபுரம் காது கொடுக்க வேண்டும். நம் நாட்டில் தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும், 40 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். அதோடு முடியவில்லை. வானொலியில் பேசுவதற்கென்று தனித் தேர்வு, தனி உரிமம்! மேடைப் பேச்சாளர்களுக்கும் இப்படி ஒரு தேர்வு வைத்தால் நாட்டில் பாதி மைக் சும்மா கிடக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பேசுவதற்கு அவர்களுக்கு லைசென்ஸ் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்: கேட்பதற்கே லைசென்ஸ் வாங்கியவர்கள் அவர்கள். வீட்டில் ரேடியோப் பெட்டி இருந்தால் வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்டி முத்திரை குத்திக்கொண்டு வர வேண்டியிருந்தது. காசு கொடுத்துக் கேட்டதாலோ என்னவோ, கவனமாகக் கேட்டார்கள்.

இப்போது இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது, தென்கிழக்காசியப் படைகளின் தலைமையகம் இலங்கையில், கண்டியில் இருந்தது. இந்தியா, பர்மா என்று சிதறிக் கிடந்த வீரர்களும் விமானிகளும் வீட்டு நினைப்பில் சோர்ந்துவிடக் கூடாதே என்று, பாட்டும் சிரிப்புமாகக் கொழும்பிலிருந்து ஒரு வானொலி நடத்தினார்கள். ரேடியோ சியாக் என்று பேர். நம் உளுந்தூர்பேட்டை மாதிரித் தளங்களில் கிடந்தவர்களுக்கான வானொலி அது. அதற்காக 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி ஒன்றையும் நிறுவினார்கள். போர் முடிந்து வீரர்கள் கப்பலேறிப் போனார்கள். அந்த இயந்திரம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் ரேடியோ சிலோனின் வர்த்தக சேவை தொடங்கியது. பட்டாளத்துக்காரனைச் சிரிக்க வைக்க வந்த இயந்திரம், நம் திண்ணைகளைச் சிரிக்க வைக்கத் தொடங்கியது.

1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட்டார். ஜனங்கள் முள்ளைத் திருப்பினார்கள், சிலோன் கிடைத்தது. டெல்லி விழித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்க 1957 ஆகிவிட்டது. அதற்குள் சிலோன் அறிவிப்பாளர் மயில்வாகனம் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். பாட்டுக்காகப் போனவர்கள் நாடகத்துக்கும் நின்றார்கள். சானா என்ற சண்முகநாதன் தயாரித்த நாடகங்களில் யாழ்ப்பாணத்து விதானையாரும் லண்டன் கந்தையாவும் பேசிய தமிழ் முதலில் புரியாது. கொஞ்ச நாளில் பழகிவிடும். அப்புறம் அந்தத் தமிழிலேயே வீட்டில் ஒருவரை ஒருவர் நையாண்டி செய்வார்கள்.

எழுபதுகளில் வந்தது ‘கோமாளிகளின் கும்மாளம்’. இதை இளைஞர்கள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். நான்கு பாத்திரங்கள். மரிக்கார், முஸ்லிம் தமிழ் பேசுவார். ஐயர், பிராமணத் தமிழ் பேசுவார். அப்புக்குட்டி, யாழ்ப்பாணத் தமிழ். உபாலி, சிங்களம் கலந்த தமிழ். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பார்கள். மரிக்காராகப் பேசியவர் பேர் எஸ். ராமதாஸ். ஐயராகப் பேசியவர் பி.எச். அப்துல் ஹமீத். சிங்களவர் உபாலியாகப் பேசியவர் செல்வசேகரன். அப்புக்குட்டி, டி. ராஜகோபால்.

யோசித்துப் பாருங்கள். ராமதாஸ் மரிக்கார் ஆகிறார், அப்துல் ஹமீத் ஐயர் ஆகிறார், தமிழர் ஒருவர் சிங்களவர் ஆகிறார். அடுத்தவனுடைய பேச்சை இப்படி அச்சாகப் பேச வேண்டுமானால், அவனை எத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்! அன்பில்லாமல் அப்படிக் கேட்க முடியுமா? ஜனங்கள் அந்தப் பேர்களைக் கடைசி வரை விடவில்லை. மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்று பாத்திரத்தின் பேரே ஆளின் பேரோடு ஒட்டிக்கொண்டது. 1976இல் ‘கோமாளிகள்’ என்று திரைப்படமாகவும் வந்தது. ஏழே ஆண்டுகளில், 1983இல், இனக்கலவரத்தில் அந்தத் தீவு எரிந்தது. வானொலிச் சிரிப்பு ஒரு நாட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் பசப்பமாட்டேன். ஆனால் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுச் சிரிக்க முடிந்த ஒரு காலம் அங்கே இருந்தது என்பதற்கு அந்த நான்கு குரல்கள் சாட்சி.

போர் விமானிகளின் நாட்டிலும் இதேதான் நடந்தது. பிரிட்டனில் 1940களில், கற்பனையான ஒரு விமானப்படைத் தளத்தை வைத்து பிபிசியில் ஒரு நகைச்சுவைத் தொடர் ஓடியது. அதை நடத்திய கென்னத் ஹார்னும் ரிச்சர்ட் முர்டாக்கும் விமானப்படை அதிகாரிகள். ஒரே அலுவலக அறையில் உட்கார்ந்தவர்கள். ஜிம்மி எட்வர்ட்ஸ் என்று இன்னொருவர். 1944இல் ஆர்ன்ஹெம் சண்டையில் அவர் ஓட்டிய டகோட்டா விமானம் சுடப்பட்டது, முகம் வெந்தது. பிறகு அவர் பெரிய முறுக்கு மீசையோடு வானொலியின் சிரிப்பு நடிகர் ஆனார். அந்த மீசைக்குக் கீழே தழும்பு இருந்தது. ஆனால் வானொலியில் மீசையும் தெரியாது, தழும்பும் தெரியாது. குரல் மட்டும்தான் வரும்.

நமக்குப் பக்கத்தில், வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூர்ச் சீமையில் பிறந்தவர் தென்கச்சி கோ. சுவாமிநாதன். காலையில் பல் துலக்கிக்கொண்டே எத்தனை பேர் வானொலியில் அவருடைய ‘இன்று ஒரு தகவல்’ கேட்டிருக்கிறீர்கள்! ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு, தான் சிரிக்காமல் போய்விடுவார். எவர் மனமும் நோகாது. யாரையாவது மட்டம் தட்டுவதானால் முதலில் தன்னைத்தான் தட்டிக்கொள்வார். குரலை ஜனங்கள் நம்பிய காலம் அது. 1966 வாக்கில் திருச்சி வானொலி சொன்னதைக் கேட்டு ஆடுதுறை 27 நெல்லை விதைத்த டெல்டா விவசாயிகள், அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வைத்தார்கள்.

இப்போது இந்த ஊரின் பீங்கான் தொழிலுக்கு வருகிறேன். வராமல் போனால் நீங்கள் என்னை ஊரை விட்டு அனுப்பமாட்டீர்கள். நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளை மண்ணை நம்பி வளர்ந்த தொழில் இது. கொலு பொம்மை, கப், சாசர், ஃபியூஸ் கட்டை, மின்கம்பத்து இன்சுலேட்டர் என்று செய்கிறீர்கள். பழைய ரேடியோவுக்கு மாடியில் ஏரியல் கம்பி கட்டினார்களே, அதன் இரண்டு முனையிலும் பீங்கான். சின்ன விமானத்தின் எஞ்சினில் பொறி கிளப்புகிற பிளக்கின் உடம்பும் பீங்கான் இனம்தான். ஆக, விமானியையும் கோமாளியையும் தாங்கிப் பிடித்தவர்கள் உங்கள் தொழிலின் பங்காளிகள்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்களிடம் இருக்கிறது. சூளையிலிருந்து வெளியே எடுத்த சாமானைக் கைதேர்ந்தவர் என்ன செய்வார்? விரலால் ஒரு சுண்டு. கணீர் என்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியும். நட்பான கேலியும் அப்படித்தான். ஒருவனை ஒரு வார்த்தையால் சுண்டிப் பார்க்கிறோம். திரும்பி வருகிற சிரிப்பு கணீரென்றிருந்தால் உறவு முழுசாக இருக்கிறது. மொத்தென்றால் அங்கேயே நிறுத்த வேண்டும், மறுபடி சுண்டக் கூடாது. இன்றைக்குக் கேலி குறைந்துவிட்டதா? பெருகிக் கிடக்கிறது! ஆனால் சுண்டியவன் நின்று ஓசை கேட்பதில்லை. எறிந்துவிட்டுப் போய்விடுகிறான். எதிரில் இருப்பவன் சிரித்தானா, சுருங்கினானா என்று தெரியாமல் செய்கிற கேலிக்கு வேறு பேர் இருக்கிறது. இந்த நல்ல சபையில் அதைச் சொல்ல வேண்டாம்.

ஆகவே இந்த மன்றத்தின் முன் ஒரு கோரிக்கை வைக்கிறேன். 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சமுதாய வானொலி தொடங்கியது. 2006இல் மத்திய அரசு தொண்டு அமைப்புகளுக்கும் அந்தக் கதவைத் திறந்தது. அது பெரிய வேலை, மெதுவாக ஆகட்டும். அதற்கு முன்னால், கால் மணி நேர ஒலி நாடகம் ஒன்றை நீங்கள் எழுதுங்கள். பாத்திரங்களுக்குப் பஞ்சமா? சூளையடிப் பெரியவர், முந்திரிக்காட்டு அக்கா, ஜங்ஷன் ரயில்வேக்காரர், நெய்வேலி டவுன்ஷிப் ஆபீசர், கோயில் தெருக் குருக்கள், பஸ் ஸ்டாண்டு டீக்கடை பாய். நிபந்தனை மூன்று. யாரும் தன் சொந்தப் பேச்சைப் பேசக் கூடாது. அடுத்தவர் பேச்சைத்தான் பழகிப் பேச வேண்டும். ஒவ்வொருவரும் முதல் கேலியைத் தன் மேலேயே போட்டுக்கொள்ள வேண்டும். பிறப்பையும் உடம்பையும் தொடக் கூடாது. தொழிலையும் பிடிவாதத்தையும் கஞ்சத்தனத்தையும் தாராளமாகத் தொடலாம்.

எழுதுவதற்கு முன் செராமிக் கல்லூரி மாணவர்கள் ஒரு மாதம் அந்தந்த மனிதர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சும்மா கேட்க வேண்டும். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். அடுத்த ஆண்டு விழாவில் இதே மேடையில், திரைக்குப் பின்னால் நின்று, முகம் காட்டாமல், குரலை மட்டும் வைத்து நடத்துங்கள். ஊர் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கட்டும். ஒரு பாத்திரம் குறைந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். கொடுத்த நேரத்தைத் தாண்டிப் பேசும் பேச்சாளர் ஒருவரை வைத்து நன்றாகவே கேலி செய்யலாம்; ஒத்திகைகூடப் பார்க்காமல் வந்து நடித்துக் கொடுப்பேன்.