படகு பழுதுபார்க்கப் போனவர்



1879 ஜனவரி 22. தென்னாப்பிரிக்காவின் பஃபலோ ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் பொறியாளர் படையின் லெப்டினன்ட் ஜான் சார்டு மிதவைப் படகுகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். வயது 31. படையில் சேர்ந்து பத்தாண்டு ஆகியும் சண்டையைக் கண்ணால் பார்த்ததில்லை.

பக்கத்திலேயே ரோர்க்ஸ் டிரிஃப்ட் முகாம். ஒரு மருத்துவமனை, ஒரு கிடங்கு, அவ்வளவுதான். மேலதிகாரி வெளியே கிளம்பியபோது பொறுப்பு சார்டின் தலையில் விழுந்தது. காலாட்படை லெப்டினன்ட் ப்ரோம்ஹெட்டைவிட அவர் பணியில் சில ஆண்டு மூத்தவர்; வேறு தகுதி எதையும் யாரும் பார்க்கவில்லை.

பிற்பகலில் சேதி வந்தது. இசாண்டில்வானாவில் பெரிய முகாமே அழிந்துவிட்டது. ஆயிரத்து முந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமான ஜூலு வீரர்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். வரத்தானே செய்வார்கள்? பதினோரு நாளுக்கு முன் அவர்கள் மண்ணுக்குள் புகுந்தது பிரிட்டிஷ் படைதான்.

ஓடிவிடலாமா? நோயாளிகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் வழியிலேயே பிடிபடுவோம் என்று வாதாடியவர் டால்டன். முன்னாள் சார்ஜென்ட், அப்போது உணவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். சோள மூட்டைகளும் பிஸ்கட் பெட்டிகளும் மதில் ஆயின. உள்ளே ஏறத்தாழ 150 பேர். மருத்துவமனைக் கூரை பற்றி எரிந்த வெளிச்சத்தில் விடிய விடியச் சண்டை. இருபதாயிரம் தோட்டாக்களில் காலையில் மிஞ்சியவை தொள்ளாயிரம். உள்ளே 17 பேர் இறந்தார்கள். வெளியே எண்ணிய ஜூலு உடல்கள் மட்டும் 350. காயத்தோடு கிடந்த ஜூலுக்களையும் பிறகு கொன்றார்கள்; வீரக் கதைகளில் இது வராது.

முகாமைக் காத்தவர்களுக்குப் பதினோரு விக்டோரியா சிலுவைப் பதக்கங்கள் கிடைத்தன. டால்டனுக்குத் தாமதமாகத்தான் வந்தது. சார்டுக்குப் பதக்கம் குத்திய தளபதி வோல்ஸ்லி, இவ்வளவு மந்தமான ஆளைப் பார்த்ததில்லை என்று குறித்துவைத்தார். ராணி விக்டோரியாவுக்கோ அவரைப் பிடித்துப்போயிற்று. அரண்மனைக்கு அழைத்துப் பேசினார். அந்த ஓரிரவுக்குப் பிறகு சார்டின் வாழ்க்கையில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. 1897இல், 49 வயதில், நாக்கில் வந்த புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

சார்டின் பதக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1964இல் வந்த 'ஜூலு' திரைப்படத்தில் சார்டாக நடித்த ஸ்டான்லி பேக்கர், 1972இல் அதை விலைக்கு வாங்கினார்; வெறும் நகல் என்று சொல்லித்தான் விற்றார்கள். 1976இல் அவர் இறந்தார். இருபது ஆண்டு கழித்து உலோகத்தைச் சோதித்தபோதுதான், அது அசல் என்று தெரிந்தது.