அண்ணா, ஸ்டாண்டு!

இன்னைக்கு எபிசோடு பைக் பத்தி. ஆனா இன்ஜின், மைலேஜ், சைலன்சர் சவுண்டு எதுவும் கிடையாது. இடதுபக்கம் சும்மா தொங்கிட்டு இருக்கிற சைடு ஸ்டாண்டு மட்டும்தான். கையில இருக்கிற பொருளை வச்சு அதை எப்படி உருப்படியாக்கலாம்னு பார்ப்போம்.

நம்ம ஏரியாவுக்கு இது ரொம்ப முக்கியம். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டோட கைகோர்த்ததுக்கு அப்புறம் திருவொற்றியூர்ல புல்லட் தொழிற்சாலை வந்துச்சு. அந்தக் கம்பெனியோட இப்போதைய கிளாசிக் 350 எடை 195 கிலோ. பேசின் பிரிட்ஜ் பக்கமெல்லாம் தாழ்வான நிலம். மழை பெஞ்சா தெரு ஓரம் சேறாயிடும். வெயில் காலத்துல தார் இளகிடும். அந்த எடை, இந்த மண்ணு, நடுவுல தீப்பெட்டி சைஸ்ல ஒரு இரும்புப் பாதம்!

சின்னதா ஒரு கணக்கு. ஸ்டாண்டு மேல 40 கிலோ இறங்குதுன்னு வச்சுக்கோங்க. பாதத்தோட பரப்பு 8 சதுர சென்டிமீட்டர். அப்போ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ. அடியில 10-க்கு 8 சென்டிமீட்டர் தகடு ஒண்ணு வச்சா, அதே எடை 80 சதுர சென்டிமீட்டர்ல பரவும். அழுத்தம் பத்துல ஒரு பங்கு ஆயிடும். வண்டி புதையாது.

அதனால முதல் வேலை, அந்தத் தகடு. பழைய நம்பர் பிளேட்டை மடிச்சுத் தட்டினாலே போதும். பிளைவுட் துண்டும் ஓகே. ஓரத்துல ஓட்டை போட்டு ஒரு நூல் கட்டிக்கோங்க. வண்டியில உட்கார்ந்தபடியே இழுத்து எடுத்துக்கலாம். பெரிய ஸ்டாண்டு போட்டாலும் இதே மாதிரி அடியில ஒரு பலகை வைங்க.

"ஒவ்வொரு தடவையும் யாரு வைக்கிறது, நிரந்தரமா வெல்டு பண்ணிடலாமே"ன்னு கேப்பீங்க. பண்ணலாம், ஆனா மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, தகடு 3 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். ஸ்டாண்டு பாதம் டயர்ல இருந்து சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளி இருந்தா, 5 மில்லிமீட்டர் உயரம் கூடினாலே வண்டி 1 டிகிரிக்கு மேல நிமிரும். ரொம்ப நிமிர்ந்துச்சுன்னா, ஒரு காத்து போதும், வலதுபக்கம் சாஞ்சிடும். ரெண்டு, தகடு முன்பக்கம் நீட்டிட்டு இருக்கக் கூடாது. ஓரங்களை ராவி உருண்டையாக்குங்க. மடிச்சா செயின்லயோ சைலன்சர்லயோ இடிக்குதான்னும் பாருங்க. மூணு, ஸ்டாண்டைக் கழட்டி எடுத்துட்டுப் போய் வெல்டு பண்ணுங்க. வண்டியில வச்சே பண்ணினா அந்தக் கரண்டு எலக்ட்ரானிக்ஸைப் பதம் பார்க்கும்.

அடுத்தது, சரிவு. மேம்பால இறக்கத்துல நிறுத்தினா வண்டி முன்னாடி உருண்டு ஸ்டாண்டு மடங்கிடும். மூக்கு மேட்டைப் பார்த்து இருக்கணும், ஃபர்ஸ்ட் கியர் போட்டிருக்கணும். கூடவே பழைய சைக்கிள் டியூப்ல ஒரு வளையம் வெட்டி, முன் பிரேக் லீவரை ஹேண்டில் பாரோட சேர்த்து மாட்டிடுங்க. பைசா செலவில்லாத ஹேண்ட் பிரேக்!

இப்போ முக்கியமான பாயிண்டு. நம்ம ஊர்ல ஒரு அழகான பழக்கம் இருக்கு. ஸ்டாண்டை எடுக்காம கிளம்பினா, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் துரத்திட்டு வந்து "அண்ணா, ஸ்டாண்டு!"ன்னு சொல்லிட்டுப் போவார். ஆனா எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல, கண்டெய்னர் லாரி சத்தத்துல அந்தக் குரல் கேட்குமா? இடதுபக்கம் திரும்பும்போது வண்டி ஸ்டாண்டு இருக்கிற பக்கமே சாயுது. அது தரையில இடிச்சா பின் சக்கரம் எழும்பிடும். பக்கத்துல லாரி வந்துட்டு இருந்தா மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

புது வண்டிகள்ல ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டா இன்ஜின் அணைஞ்சிடும். பழைய வண்டிக்கு நாமளே ஒரு பஸ்ஸர் போட்டுக்கலாம். மெக்கானிக் கடையில கிடைக்கிற பின் பிரேக் லைட் சுவிட்ச் எடுத்துக்கோங்க. இழுத்தா ஆன் ஆகும், அவ்வளவுதான். அதோட ஸ்பிரிங்கை ஸ்டாண்டு போல்ட்டுக்குப் பக்கத்துல மாட்டுங்க. கீழ் நுனியில மாட்டினா ஸ்பிரிங் நீண்டு போயிடும். சாவி போட்டா மட்டும் கரண்டு வர்ற வயர்ல இருந்து ஒரு சின்ன ஃபியூஸ் வழியா 12 வோல்ட் பஸ்ஸருக்கு லைன் கொடுங்க. ஸ்டாண்டு கீழே இருந்து சாவி போட்டா, கத்தும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் பண்ணாதீங்க. "வண்டி அடிக்கடி ஆஃப் ஆகுது"ன்னு கம்பெனி சுவிட்சோட வயரை வெட்டி முறுக்கி விடுறது. அது தொல்லை பண்றது பெரும்பாலும் சேறு அடைச்சிருக்கிறதாலதான். தண்ணி ஊத்திக் கழுவி, துடைச்சு விட்டுப் பாருங்க. சரியாகலைன்னா சுவிட்சையே மாத்திடுங்க. ஸ்டாண்டு போல்ட்டுக்கு மாசம் ஒரு தடவை கிரீஸ் வைங்க. ஸ்பிரிங் தளர்ந்திருந்தா உடனே மாத்துங்க. ஓடும்போது ஸ்டாண்டை மேலே பிடிச்சு வச்சிருக்கிறது அந்த ஸ்பிரிங்தான்.

இந்த ஞாயித்துக்கிழமை வண்டி கழுவும்போது ரெண்டு நிமிஷம் குனிஞ்சு அந்த ஸ்டாண்டை ஆட்டிப் பாருங்க. அப்பா வண்டியையும் சேர்த்துப் பாருங்க, அவர் பார்க்க மாட்டார். அடுத்த எபிசோடுல சந்திப்போம். கிளம்பும்போது ஸ்டாண்டை எடுத்துடுங்க!