துளை போடுமுன் கேட்க வேண்டியவை
(களனிவெளித் தோட்டக் கிளைகளின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசிவிட்டார். நாங்கள் தண்ணீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து இறங்கிச் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. அதை அம்பத்தளையில் எடுத்துச் சுத்தம் செய்து கொழும்புக்குக் கொடுக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வேலைக்குப் போன நம்ம பிள்ளைகள் குழாயைத் திறந்தால் வருவது மலைத் தண்ணீர். இங்கே அவர்களுடைய அம்மா பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நிற்கிறார்.

அதனால்தான் லயத்துக்கு லயம் இப்போது குழாய்க்கிணற்றுப் பேச்சு. பேச்சு நல்லதுதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் நடந்ததை முதலில் கேளுங்கள். சீட்டுக் காசையும் சம்பள முற்பணத்தையும் போட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்தோம். துளை போடுகிற ஒருவரைப் பிடித்தோம். அவரோடு வந்த பெரியவர் கவட்டைக் குச்சியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கோயிலுக்கு முன்னால் குச்சி சாய்ந்தது. 180 அடி போனது. வந்தது வெள்ளைத் தூள் மட்டும். அடிக் கணக்கில் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பிறகு யோசித்தால், அந்த மெஷின் லொறி நிற்கத் தோதான தட்டை இடம் தோட்டத்திலேயே அது ஒன்றுதான். குச்சி சாய்ந்தது தண்ணீருக்கா, லொறிக்கா?

காசு போட்டவர்கள் எங்கள் முகத்தைப் பார்த்தபோது எங்களுக்குப் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் நிலத்தடியைப் பற்றிக் கேட்கவும் படிக்கவும் தொடங்கினோம்.

நிலத்துக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்று நாம் நினைக்கிறோம். நம்ம மலையில் அப்படி இல்லை. மேலே மண். அதற்குக் கீழே மக்கிப்போன பாறை. கையால் உதிர்க்கலாம், பஞ்சு மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். வெட்டுக் கிணறும் ஊற்றும் வாழ்வது இதில்தான். அதற்கும் கீழே கருங்கல். அது தண்ணீர் குடிக்காது. அதில் வெடிப்பு இருந்தால், வெடிப்புக்குள் மட்டும் தண்ணீர். குழாய்க்கிணறு வெடிப்பில் பட்டால் தண்ணீர். பத்தடி தள்ளிப் போட்டால் தூள்.

இலங்கையில் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இப்படிப்பட்ட பழைய கடினப் பாறைதான். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் வேறு கதை. நம்ம மலையில் நிறையக் கிடைக்கும் ஒரு பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர் அது. அந்தக் கல் சென்னைப் பரங்கிமலைப் பக்கத்துக் கல். கடல் தாண்டி வந்த நம்ம பாட்டன்மார் இங்கேயும் அதே கல்லைத்தான் உடைத்தார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

வெடிப்பு என்றால் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். உமா ஓயாத் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது, 2014 டிசம்பரில் உள்ளே தண்ணீர் பீறிட்டது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். எங்கேயோ ஆழத்தில் குடைந்தது வீட்டுக் கிணற்றைக் குடித்துவிட்டது. பாறைக்குள் வெடிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

வெடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடை ஒன்று வளையாமல் நேர்கோடாக ஓடும் இடம், ஊற்றுகள் ஒரே வரிசையில் இருக்கும் இடம், வறட்சியிலும் பச்சை குறையாத மரக்கோடு, இவற்றை நாமே குறித்து வைக்கலாம். உறுதி செய்வதற்கு ஆள் வேண்டும். 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவான நீர்வளச் சபை இருக்கிறது. புவியியல் தெரிந்தவர்கள் வந்து நிலத்தில் இரும்புக் கம்பிகளை ஊன்றி, மின்சாரம் செலுத்தி, அடியில் பாறை எவ்வளவு ஆழத்தில், ஈரம் எங்கே என்று அளப்பார்கள். துளைக்கு முந்திய செலவு இது. இதில் கஞ்சத்தனம் பார்த்துத்தான் நாங்கள் ஏமாந்தோம்.

இனித் துளை போடுகிறவரிடம் வருவோம். இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே போட்டீர்கள், எத்தனை அடியில் பாறை வந்தது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று முதலில் கேளுங்கள். நல்ல ஆள் கொப்பியைத் திறந்து காட்டுவார். பிறகு அந்தக் கிணறுகளைப் போய்ப் பாருங்கள். அங்கே குடிக்கிறவர்களிடம் விசாரியுங்கள். அடிக்கு எவ்வளவு, மேல்மண்ணைத் தாங்கும் குழாய்க்கு எவ்வளவு, தண்ணீர் வராவிட்டால் எவ்வளவு, எல்லாம் எழுத்தில் வேண்டும், நமக்கு விளங்கும் தமிழில். பத்தடிக்கு ஒரு பிடி தூள் எடுத்து வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். மெஷின் காற்றில் தண்ணீர் பீச்சியடிப்பதைப் பார்த்துக் கை தட்டிவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுத்துவிடாதீர்கள். பம்ப் போட்டுப் பல மணித்தியாலம் இறைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். மழைக்காலத்தில் எல்லாக் கிணறும் நல்ல கிணறு. மாசி, பங்குனியில் இறைத்துப் பாருங்கள்.

கொஞ்சமாக வந்தாலும் மனம் விட வேண்டாம். 40 குடும்பம், 180 பேர், ஆளுக்கு நாளைக்கு 50 லீற்றர் என்றால் 9,000 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் கொடுக்கும் கிணறு 15 மணித்தியாலத்தில் அதைத் தந்துவிடும். தாங்கி ஒன்று வேண்டும், அவ்வளவுதான். தண்ணீரில் துரு வாடை அடிக்கலாம். மழை மலையில் இரும்புச் சத்து சாதாரணம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் பரிசோதனை இல்லாமல் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். கக்கூஸ் குழிக்குக் கிட்டத் துளை போடவே வேண்டாம்.

இன்னொன்று. லொறிக்குப் பாதை என்று சரிவை வெட்ட விடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை. வேறு சொல்லத் தேவையில்லை. ஊற்று திடீரென்று கலங்கினாலோ, இல்லாத இடத்தில் புதிதாகக் கிளம்பினாலோ, கிணற்றுப் பேச்சை விட்டுவிட்டு முதலில் ஆட்களை வெளியேற்றி அறிவியுங்கள்.

செலவு யாருடையது? நம்ம சீட்டுக் காசு கடைசி வழியாக இருக்கட்டும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018இல் அதைத் திருத்தினார்கள். இனி “தோட்டம் எங்கள் பொறுப்பல்ல” என்று எந்தச் சபையும் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். நிலத்துக்கு நிர்வாகத்தின் அனுமதியும் எழுத்தில் வேண்டும்.

வருகிற ஞாயிறு காலை 6 மணிக்கு ஒவ்வொரு கிளையும் தன் பீலிக்கரைக்கு வரவேண்டும். 20 லீற்றர் வாளி ஒன்று, கடிகாரம் ஒன்று. வாளி நிறைய எத்தனை விநாடி என்று மூன்று முறை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் சபைக்குக் கடிதம் எழுதப்போகிறோம்.