காது குத்திய பிறகு ஆறு வாரம்

(நம் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், குடியிருப்பாளரான ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், பார்க்கிங் எல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். கோடை விடுமுறை வந்தால் நம் புதுக்கோட்டைப் பக்கம் காதுகுத்துப் பத்திரிகைகள் வரிசையாக வரும். பிள்ளைகளுக்குக் குத்துகிறோம்; கல்லூரிக்குப் போகிற பெண்கள் இரண்டாவது ஓட்டை போடுகிறார்கள்; பையன்களும் கடுக்கன் போடுகிறார்கள். அதனால் இதைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

காது குத்துவது ஒரு நொடி வேலை. அது ஆறுவதற்குக் குறைந்தது ஆறு வாரம் ஆகும். அந்த ஒரு நொடிக்கு மண்டபம் பிடித்து, ஆட்டுக்கறி விருந்து போட்டு, தாய்மாமன் சீர் வைக்கிறோம். ஆறு வாரத்துக்கு என்ன செய்வது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. நான் சொல்ல வந்தது அந்த ஆறு வாரத்தைப் பற்றித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது?

காது மடலில் ஊசி போன இடம் முதலில் ஒரு பச்சைப் புண். கம்பியைச் சுற்றி உள்பக்கமாகப் புதுத் தோல் வளர்ந்து, சின்னக் குழாய் மாதிரி ஆகிறது. முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் வளர்ந்து வரும் தோல் நடுவில் ஒன்று சேர வேண்டும். வெளியே பார்த்தால் பத்து நாளிலேயே ஆறியது போலத் தெரியும். உள்ளே அப்போதும் பச்சையாகத்தான் இருக்கும். கீழ்மடலுக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். மேல்காதில் குருத்தெலும்பில் குத்தினால் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும்.

நம் ஆச்சிகளுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் பாம்படம் போட்ட ஆச்சிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தோள் வரை தொங்கும் காது ஒரே நாளில் வளர்ந்ததில்லை. முதலில் சிறு துளை, அது ஆறியபின் பஞ்சுத் திரி, பிறகு பனை ஓலைச் சுருள், அதற்கும் பிறகு ஈயக் குணுக்கு என்று வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தார்கள். சுஸ்ருத சம்ஹிதையில் காது குத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதிலும் திரியைச் சில நாளுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகத் தடிமனாக்கச் சொல்லியிருக்கிறது. பாம்படக் காது இப்போது வழக்கில் இல்லை. காதுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்ற அந்தப் பொறுமையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

விழாவுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியவை

முதலாவது, தடுப்பூசி. குழந்தைக்கு 6, 10, 14 வாரத்தில் போடும் தடுப்பூசிகள் முடிந்தபின் குத்துவது நல்லது. பெரியவர்கள் டி.டி. ஊசி எப்போது போட்டோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, யார் குத்துகிறார்கள், எதனால் குத்துகிறார்கள் என்பது. நகை ஆசாரியோ, மருத்துவரோ, பார்லரோ, யாராக இருந்தாலும் ஊசி புதிதாக இருக்க வேண்டும். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்க வேண்டும். கையைக் கழுவி, கையுறை போட்டிருக்க வேண்டும். விளக்குத் தீயில் காட்டிய கம்பி சுத்தமான கம்பி ஆகாது. ஒருவருக்குக் குத்திய ஊசியால் இன்னொருவருக்கும் குத்தினால் ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை தொற்றலாம். ஒரே நாளில் பத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாகக் குத்தும் இடத்தில் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

மூன்றாவது, புள்ளி வைப்பது. பிள்ளையை நேராக உட்கார வைத்து, இரண்டு காதிலும் பேனாவால் புள்ளி வைக்கச் சொல்லி, எதிரே நின்று பாருங்கள். அழுகிற பிள்ளையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு வைத்த புள்ளி, நிமிர்ந்ததும் ஏறியோ இறங்கியோ தெரியும். மடலின் கீழ் விளிம்புக்கு மிக அருகில் குத்தினால் பிற்காலத்தில் அறுந்துவிடும்.

நான்காவது நம் ஊருக்கே உரியது. திருச்செந்தூரில் மொட்டை எடுத்துக் காது குத்தும் வீடுகள் நம்மில் அதிகம். மொட்டை, கடல் குளியல், நாழிக்கிணறு எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். தலை துவட்டி, உடை மாற்றிய பிறகு காது குத்துங்கள். குத்திவிட்டுப் பச்சைப் புண்ணோடு கடலில் இறங்க வேண்டாம். கூட்டம் குளிக்கிற தண்ணீரில் கிருமி இருக்கும். கடலுக்கே உரிய கிருமிகளும் உண்டு. காது ஆறும் வரை கடல், குளம், நீச்சல் குளம் எதுவும் வேண்டாம்.

ஐந்தாவது, தாய்மாமன் சீர். மாமன் கொண்டு வந்த ஜிமிக்கியை அன்றைக்கே காதில் மாட்டிப் போட்டோ எடுக்க ஆசை இருக்கும். அந்த நகையை தட்டில் வைத்து, பிள்ளை மாமன் மடியில் இருக்கும்போதே படம் எடுங்கள். காதில் மெல்லிய கம்பியோ சின்னக் கம்மலோ மட்டும் இருக்கட்டும். ஜிமிக்கியை மாமனே ஆறு மாதம் கழித்து வந்து மாட்டட்டும்; அதற்கும் ஒரு விருந்து வைக்கலாம்.

தினமும் செய்ய வேண்டியது

காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. முதலில் உங்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைனில் சுத்தமான காஸ் துணியை நனைத்து, காதின் முன்னும் பின்னும் சிறிது நேரம் ஒற்றி வையுங்கள். காய்ந்த பொருக்கு ஊறித் தானாக வரும், நகத்தால் சுரண்டாதீர்கள். பிறகு டிஷ்யூவால் ஒற்றி ஈரத்தை எடுங்கள். துண்டு வேண்டாம், நூல் மாட்டி இழுக்கும்.

சலைன் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 250 மில்லி தண்ணீரில் கால் தேக்கரண்டி தூள் உப்பு கரைத்துக்கொள்ளலாம். தினமும் புதிதாகக் கரையுங்கள். “கடல் தண்ணியும் உப்புத்தானே, அதில் குளித்தால் என்ன?” என்று உப்பளம் பார்த்து வளர்ந்த நம் ஊரில் கேட்பார்கள். சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் உடலின் நீருக்கு ஒத்த அளவு அது. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம். அது புண்ணை எரிக்கும், தோலை வறட்டும்.

குளிப்பதற்குத் தடை இல்லை. தலைக்குக் குளித்தால் ஷாம்பு, சீயக்காய் நுரை காதில் தங்காமல் நல்ல தண்ணீரால் அலசி, ஈரத்தை ஒற்றி எடுங்கள். தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள். ஹெல்மெட், மாஸ்க் கழற்றும்போது கவனம். அந்தக் காதில் செல்போனை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

செய்யக் கூடாதது

கம்மலைத் திருகித் திருகி விடுவது பழைய வழக்கம். திருகும்போது உள்ளே வளரும் மெல்லிய தோல் கிழிகிறது. விரலில் உள்ள அழுக்கும் உள்ளே போகிறது. சும்மா விட்டுவிடுங்கள்.

மஞ்சள், தேங்காய் எண்ணெய், விளக்கு எண்ணெய் எதையும் ஓட்டையில் பூச வேண்டாம். ஆச்சி கோபித்துக்கொண்டால், மஞ்சளைப் பிள்ளையின் நெற்றியில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு இரண்டும் கிருமியோடு புதுத் தோலையும் அழிக்கும். விளக்குமாற்று ஈர்க்கை ஓட்டையில் செருகி வைப்பதை இப்போதும் பார்க்கிறேன். தரையைக் கூட்டிய குச்சி அது. காதுக்குள் போகவே கூடாது.

எந்த நகை?

முதல் நகைக்கு 22 காரட் தங்கம் நல்ல தேர்வு. 916 என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்து-எண் கொண்ட எச்.யு.ஐ.டி. இருக்கிறதா என்று பாருங்கள். பார்லரில் குத்தினால் டைட்டானியம் கம்மல் கேளுங்கள். கவரிங் நகையில் நிக்கல் இருக்கலாம். பச்சைப் புண்ணில் நிக்கல் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், அது வாழ்நாள் முழுவதும் தொடரும். பிறகு கைக்கடிகாரப் பட்டையும் பேன்ட் பித்தானும்கூட அரிக்கும்.

முத்துக் கம்மல் நம் கடற்கரையின் பெருமை. கொற்கை முத்து உலகம் அறிந்தது; 1973இல் தூத்துக்குடியில்தான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பியில் முத்து வளர்த்துக் காட்டினார்கள். ஆனால் முத்து சுண்ணாம்புச் சத்தால் ஆனது. அதைக் கொதிக்க வைக்கவோ ஸ்பிரிட்டால் துடைக்கவோ முடியாது. வியர்வையும் உப்பு நீரும் தினமும் பட்டால் பளபளப்பு போய்விடும். எனவே காது முழுவதும் ஆறிய பிறகு முத்துக் கம்மல் போடுங்கள்.

முதல் தடவை மாற்றும்போது

எட்டு வாரம் முடியட்டும். வலி, வீக்கம், கசிவு எதுவும் இல்லை என்றால் மாற்றலாம். வாஷ் பேசின் முன்னால் நின்று மாற்றாதீர்கள். திருகு கை தவறினால் குழாய்க்குள் போய்விடும். பிறகு நம் பிளம்பரைத்தான் தேட வேண்டும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, வெளிச்சத்தில் உட்காருங்கள்.

கையைக் கழுவி, புது நகையையும் சுத்தம் செய்யுங்கள். கல் பதிக்காத தங்கத்தைக் கொதிநீரில் சில நிமிடம் போடலாம். கல் வைத்ததை ஸ்பிரிட்டால் துடைத்துக் காய விடுங்கள். ஒரு காதை முடித்த பிறகு அடுத்த காது. பழையதைக் கழற்றியதும் தாமதிக்காமல், மடலை லேசாகக் கீழே இழுத்துப் பிடித்து, முன்பக்கமிருந்து நேராகச் செலுத்துங்கள். தண்டின் நுனியில் சிறிது வாசலின் தடவினால் எளிதாகப் போகும்.

போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள். பார்லர் கம்மலின் தண்டைவிட நம் தங்கக் கம்மலின் தண்டு தடிமனாக இருப்பதுண்டு. பழையதையே மாட்டிவிட்டு, சில வாரம் பொறுத்து மறுபடி பாருங்கள், அல்லது குத்தியவரிடம் போங்கள். திருகை மடலில் அழுந்தும்படி முறுக்காமல், ஒரு அரிசி போகிற இடைவெளி விடுங்கள். முதல் வருடம் ஓட்டையை வெறுமையாக விட்டால் சீக்கிரம் தூர்ந்துவிடும். பள்ளியில் நகை கூடாது என்றால் விடுமுறை தொடக்கத்திலேயே குத்துவதை யோசியுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

முதல் சில நாள் லேசான சிவப்பு, தெளிவான நீர் கசிந்து பொருக்காவது இயல்பு. சிவப்பு பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், மஞ்சளாகவோ பச்சையாகவோ சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், திருகு மடலுக்குள் புதைந்தால் அன்றைக்கே போங்கள். மேல்காது வீங்கி வலித்தால் ஒரு நாளும் பொறுக்க வேண்டாம். குருத்தெலும்பு கெட்டால் காதின் வடிவமே மாறிவிடும். சீழ் இருக்கும்போது நீங்களாகக் கம்மலைக் கழற்றாதீர்கள். ஓட்டை மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும். வலி குறைவாக, அரிப்பும் செதிலும் அதிகமாக இருந்தால் உலோக ஒவ்வாமையாக இருக்கலாம்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

*கனமான ஜிமிக்கி போட்டு ஓட்டை நீண்டுவிட்டது. என்ன செய்வது?*

கல்யாணத்துக்குப் போடுங்கள்; வீட்டுக்கு வந்ததும் கழற்றுங்கள். மாட்டல் போட்டால் பாரத்தின் ஒரு பகுதியைக் கூந்தல் தாங்கும். அறுந்தே போயிருந்தால் மரக்க ஊசி போட்டுத் தையல் போடலாம், சிறிய அறுவைதான். மூன்று மாதமாவது கழித்து, தழும்பை விட்டுத் தள்ளி மறுபடி குத்தலாம். தையல் இல்லாமல் மருந்து தடவி ஒட்டித் தருகிறோம் என்று சொல்லும் இடங்களுக்குப் போகாதீர்கள், தோல் வெந்துவிடும்.

*காது குத்திய இடத்தில் கட்டி மாதிரி வளர்கிறதே?*

தழும்பு மீறி வளர்வதைக் கீலாய்டு என்கிறோம். நம்மைப் போன்ற நிறத்தவருக்கு அதிகம் வரும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால், குத்துவதற்கு முன்பே தோல் மருத்துவரைக் கேளுங்கள். வளர ஆரம்பித்தால் சின்னதாக இருக்கும்போதே காட்டுங்கள். வெட்டி மட்டும் எடுத்தால் பெரிதாகத் திரும்பி வரும்.

*பெரியவர்களுக்கு சர்க்கரை இருந்தால்?*

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கும்போது குத்துங்கள். ஆற இன்னும் சில வாரம் கூடுதலாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த காதுகுத்துப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வரும்போது, அந்த வீட்டுக்காரரிடம் குளியல் முதலில், ஊசி புதிது, சீர் நகை தட்டில் என்ற மூன்றையும் சொல்லுங்கள். மொய்யோடு ஒரு சின்ன சலைன் பாட்டிலும் கொடுத்தால் அவர்களுக்கு உடனே உதவும்.